பத்தாம் நம்பர் போல்ட்டும் பத்து மில்லிமீட்டரும் ஒன்றல்ல

ஞாயிற்றுக்கிழமை காலையில் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் எந்தத் தோட்டத்து லயத்தில் பார்த்தாலும், ஏதோ ஒரு வாசலில் கப்சாய் எனும் சின்ன மோட்டார் சைக்கிளுக்கு அடியில் பழைய பிஸ்கட் டின் வைத்து எண்ணெய் வடித்துக்கொண்டிருப்பார்கள். நல்ல பழக்கம்தான். கெடுவது கடைசி ஒரு இழுப்பில். செம்மண் பாதையில் குலுங்கிக் கழன்றுவிடுமோ என்று பயந்து இன்னும் கொஞ்சம் இறுக்குவார்கள். எஞ்சின் உறை அலுமினியம், போல்ட் இரும்பு. மரை, அதாவது போல்ட் ஏறும் சுருள் பள்ளம், அறுந்துபோவது உறையில்தான்.

அதிகம் குழப்புவது நம்பர். ஸ்பானரில் இருக்கும் நம்பர் போல்ட்டின் தலை அளவு. எவ்வளவு பலமாகத் திருகவேண்டும் என்று சொல்லும் முறுக்கு அட்டவணையில் இருப்பது மரையின் அளவு. 10ஆம் நம்பர் ஸ்பானர் போடும் போல்ட் பெரும்பாலும் 6 மி.மீ. மரைதான், அதற்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். தலையைப் பார்த்து '10 மி.மீ.' வரிசையில் தேடினால் 34 என்றிருக்கும். அதை நம்பி இறுக்கினால் போல்ட் முறியும். 12ஆம் நம்பர் போடுவது 8 மி.மீ. மரை, அதற்கு 22. 14ஆம் நம்பர் போடுவதுதான் 10 மி.மீ. மரை. இவை ஹோண்டாவின் பொது அளவுகள். உங்கள் மோட்டாரின் கையேட்டில் அந்த இடத்துக்கென்று தனி எண் இருந்தால் அதுதான் சரி.

இறுக்கும்போது போல்ட் மிக லேசாக நீளும். அந்த நீட்சிதான் பிடிப்பு. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே போய்விடும். மரையில் கிரீஸ் தடவினால் உராய்வு குறையும். அதே முறுக்குக்கு போல்ட் கூடுதலாக நீண்டு அறுந்தும் போகலாம். கையேடு எண்ணெய் தடவச் சொல்லாத இடத்தில் மரையைத் துடைத்துக் காயவிட்டே போடுங்கள்.

எண்ணெய் வடிக்கக் கழற்றும் வடிகால் போல்ட்டுக்கு வருவோம். ஹோண்டா கப்சாய் பலவற்றில் 17ஆம் நம்பர் தலை, 24 நியூட்டன் மீட்டர். முதலில் ஸ்பானரைத் தொடாதீர்கள். போல்ட்டை விரலால் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றினால் மரை உட்காரும் இடத்தில் சின்னதாக ஒரு 'டக்' தெரியும். அங்கிருந்து முன்னோக்கிச் சுற்றுங்கள். மூன்று நான்கு சுற்று விரலிலேயே போகவேண்டும். ஒரு சுற்றிலேயே இறுகினால் மரை கோணலாக ஏறுகிறது, கழற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள். வாஷர் ஒவ்வொரு தடவையும் புதிது. நசுங்கிய வாஷரில் எண்ணெய் கசியும், கசிகிறதே என்று மேலும் இறுக்குவோம், மரை போகும். போனபின் துளையைப் பெரிதாக்கி ஹெலிகாயில் எனும் கம்பிச் சுருள் மரையை வைக்கவேண்டும். வாஷர் விலைக்கு அது எங்கோ போய் நிற்கும்.

முறுக்கை அளந்து காட்டும் டார்க் ஸ்பானர் இல்லையா? மீன் நிறுக்கும் கொக்கித் தராசு போதும். போல்ட்டின் நடுவிலிருந்து 20 செ.மீ. தள்ளி ஸ்பானரில் கொக்கியை மாட்டி, ஸ்பானருக்குச் செங்குத்தாக இழுங்கள். தராசு 12 கிலோ காட்டினால் சுமார் 24 நியூட்டன் மீட்டர் வந்துவிட்டது. எவ்வளவு குறைந்த பலம் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

வாங்குவதாக இருந்தால், கார் சக்கரத்துக்கான பெரிய டார்க் ஸ்பானர் இதற்கு ஆகாது. 10 நியூட்டன் மீட்டரை அது சரியாகக் காட்டாது. 5 முதல் 25 வரை காட்டும் சின்னது முதலில். 'க்ளிக்' ஒருமுறை கேட்டால் நிறுத்துங்கள், 'உறுதிக்கு' இரண்டாவது தடவை வேண்டாம். வேலை முடிந்ததும் அளவை மிகக் குறைந்த கோட்டுக்கு இறக்கி வையுங்கள். கழற்ற இதைப் பயன்படுத்தவே கூடாது.

ஸ்பார்க் பிளக் புதிது என்றால் விரலால் இறுகியபின் அரைச் சுற்று. பழையது என்றால் எட்டில் ஒரு சுற்று.

இங்கே சொன்னவற்றில் பின்சக்கர அச்சு நட்டு மட்டும்தான் நிஜமாகவே பலம் கேட்கும். ஹோண்டா வேவ் வகையில் 59 நியூட்டன் மீட்டர். அதற்காக ஸ்பானர் மேல் ஏறி நிற்காதீர்கள். 60 கிலோ ஆள் 25 செ.மீ. ஸ்பானரில் நின்றால் 150க்குப் பக்கத்தில் போகும். இறுக்கியபின் செயினின் தொய்வை மறுபடி பாருங்கள், அச்சு நகர்ந்திருக்கலாம். கழலாமல் இருக்கக் குறுக்கே கம்பிப் பின் செருகும் நட்டு என்றால் பழைய பின்னை நிமிர்த்திப் போடாமல் புதியது வாங்குங்கள்.

எல்லாம் இறுக்கி முடிந்ததும், நட்டின் மேலிருந்து உறை வரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். செம்பனை லாரி ஓடிக் குழிபட்ட பாதையில் ஒரு வாரம் ஓட்டியபின் குனிந்து பார்த்தால் போதும். கோடு ஒடிந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது.