திரையோரம் ஒட்டிய துண்டுக் கடதாசிகள்

கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்துக்குள் முதன்முறை நுழையும்போது என் கண் இயந்திரங்களுக்குப் போவதில்லை, கணினித் திரையின் ஓரங்களுக்குத்தான் போகிறது. மஞ்சள் ஒட்டுத்தாள், பிளாஸ்டர் போட்டு ஒட்டிய கடதாசிக் கீற்று, திரையின் சட்டத்திலேயே மார்க்கர் பேனாவால் எழுதிய இரண்டு சொற்கள் என்று ஏதாவது அங்கே இருக்கும். "சேமித்த பிறகே அச்சிடவும்" என்று தமிழில் ஒன்று. அதன் கீழே வேறொருவர் கையெழுத்தில் சிங்களத்தில் ஒன்று. "இந்தப் பொத்தானைத் தொட வேண்டாம்" என்று ஆங்கிலத்தில், சிவப்பு மையில், இரண்டு முறை அடிக்கோடிட்டு இன்னொன்று.

பன்னிரண்டு ஆண்டுகளாக ஆய்வுகூட மென்பொருள்களுக்கான திரைகளை வடிவமைத்து வருகிறேன். மருத்துவப் பரிசோதனைக் கூடங்களிலும், தேயிலையும் உணவுப் பொருள்களும் சோதிக்கப்படும் கூடங்களிலும், பல்கலைக்கழக ஆராய்ச்சிக் கூடங்களிலும் இந்தத் துண்டுகளைக் கண்டிருக்கிறேன். திரை சொல்லியிருக்க வேண்டியதைக் கடதாசி சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தத் துண்டு ஒவ்வொன்றும் என்னைப் போன்றவர்கள் செய்யாமல் விட்ட வேலை.

ஒரு துண்டை இன்றும் மறக்கவில்லை. "மற்ற எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு ஸ்கானரைக் கடைசியில் பாவிக்கவும்" என்று எழுதியிருந்தது. அது நாங்கள் செய்து கொடுத்த மென்பொருள். பார்கோட் ஸ்கானர் கணினியைப் பொறுத்தவரை இன்னொரு விசைப்பலகைதான். மாதிரி அடங்கிய குழாயில் ஒட்டியுள்ள இலக்கத்தை வாசித்து முடித்ததும், யாரோ என்டர் விசையைத் தட்டியதுபோல அதையும் சேர்த்து அனுப்பிவிடும். எங்கள் திரையிலோ என்டர் தட்டினால் படிவம் சமர்ப்பிக்கப்பட்டுவிடும். ஆகவே ஒரு குழாயை ஸ்கான் செய்த கணமே, மாதிரி எடுத்த நேரமும் மாதிரியின் வகையும் வெற்றாக இருக்கப் படிவம் போய்விட்டது. அலுவலகத்தில் நாங்கள் இதை ஒருநாளும் காணவில்லை. எங்கள் மேசைகளில் ஸ்கானர் இருக்கவில்லை, இலக்கங்களைக் கையால் தட்டித்தான் சோதித்தோம். ஆய்வுகூடத்திலிருந்தவர்கள் யாரையும் திட்டாமல், முறைப்பாடும் செய்யாமல், ஒரு துண்டு எழுதி ஒட்டிவிட்டு எட்டு மாதங்கள் வேலை செய்திருக்கிறார்கள். திருத்துவதற்கு எங்களுக்கு ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது.

இதைவிட அச்சந்தந்த ஒன்றை, கொரோனாத் தொற்றைக் கண்டறியும் பிசிஆர் பரிசோதனைகள் இரவு பகலாக நடந்த 2021இல் பார்த்தேன். மாதிரிகளை இடும் 96 குழிகள் கொண்ட பிளேட்டை அறிந்தவர்களுக்குத் தெரியும்: மேலிருந்து கீழாக ஏ முதல் எச் வரை எட்டு நிரைகள், இடமிருந்து வலமாக 1 முதல் 12 வரை பன்னிரண்டு நிரல்கள். திரவத்தை அளந்து இடுவதற்குக் கையிலிருக்கும் பிப்பெட் எட்டு முனைகள் உடையது. ஒரே அழுத்தில் ஒரு நிரல் முழுவதும் நிரம்பும். ஆகவே கை மேலிருந்து கீழே போகிறது: முதல் மாதிரி ஏ1இல், இரண்டாவது பி1இல், மூன்றாவது சி1இல். அங்கிருந்த மென்பொருளின் பட்டியலோ நாம் புத்தகம் வாசிப்பதுபோல இடமிருந்து வலமாக ஓடியது: முதல் மாதிரி ஏ1, இரண்டாவது ஏ2. அந்தக் கணக்கில் பி1 என்ற குழிக்குரியவர் பதின்மூன்றாவது ஆள். இயந்திரம் குழியை மட்டுமே அறியும், அதற்குள் யாருடைய மாதிரி இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இரண்டாவது ஆளின் முடிவு பதின்மூன்றாவது ஆளின் பெயரில் அச்சாகும். ஒருவர் காரணமின்றித் தனிமைப்படுத்தப்படுவார். மற்றவர் தொற்றோடு வீட்டுக்குப் போவார்.

அப்படி நடக்கவில்லை. ஏனென்றால், அங்கிருந்த தொழில்நுட்பவியலாளர் ஒருவர் முதல் நாளே இதைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு பிளேட்டுக்கும் எக்செல் தாளில் வரிசையை மாற்றி எழுதி, அதிலிருந்து மீண்டும் மென்பொருளுக்குள் ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டிருந்தார். ஒரு பிளேட்டுக்கு நாற்பது நிமிடங்கள். பாதுகாப்பு உடைக்குள், வியர்வையில், முகக்கவசத்தால் கண்ணாடியில் ஆவி படியச் செய்த வேலை அது. அவரிடம் "இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "மென்பொருள் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன், அண்ணா" என்றார். அன்று வெள்ளவத்தையில் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும்வரை அந்த ஒரு வாக்கியம்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு நாங்கள் செய்த திரையில் பட்டியலே கிடையாது. பிளேட்டின் படம்தான் இருந்தது. "எந்தத் திசையில் நிரப்புகிறீர்கள்?" என்று தொடக்கத்தில் ஒரே கேள்வி. அடுத்து நிரப்ப வேண்டிய எட்டுக் குழிகள் மட்டும் திரையில் ஒளிரும். மேசையிலிருக்கும் பிளேட்டின் வெட்டிய மூலை படத்திலும் அதே இடத்தில் வெட்டப்பட்டிருக்கும். பிளேட்டை அப்படியே மறுபக்கம் திருப்பி வைத்துவிட்டால் ஏ1 இருந்த இடத்துக்கு எச்12 வந்துவிடுமே, அதற்காக.

ஆய்வுகூடத்தில் வேலை செய்பவரின் கைகள் ஓய்வாக இருப்பதே இல்லை. கையுறை போட்டிருக்கிறார். கையுறையில் என்ன பட்டிருக்கிறது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். விசைப்பலகையைத் தொட வேண்டுமானால் அதைக் கழற்ற வேண்டும், முடிந்ததும் புதியதொன்று போட வேண்டும். நாற்காலியில் அமர்ந்து, இரண்டு கைகளும் ஓய்வாக, அமைதியான அறையில் இருக்கும் ஒருவரை மனதில் வைத்து நாங்கள் திரைகளை வரைகிறோம். அவரோ நின்றபடி, ஒரு கையில் குழாயோடு, பின்னால் சென்ட்ரிபியூஜ் ஒலிக்க, வார்டிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புக்குப் பதில் சொல்லிக்கொண்டு அந்தத் திரையைப் பார்க்கிறார்.

பாதுகாப்புக்கென்று நாங்கள் போடும் விதி ஒன்று இங்கே எப்படித் தலைகீழாகிறது என்று பாருங்கள். பத்து நிமிடங்கள் யாரும் தொடாவிட்டால் மென்பொருள் தானாகவே வெளியேறிவிடும். வங்கிக்கு அது சரி. ஆய்வுகூடத்தில் பத்து நிமிடங்கள் என்பது ஒரு பிப்பெட் வேலையின் பாதி. திரும்பி வரும்போது கடவுச்சொல் கேட்கிறது, அரைவாசி நிரப்பிய படிவமும் போய்விட்டது. இரண்டு நாள்களில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: காலையில் ஒருவர் தன் பெயரில் உள்ளே போவார், விசைப்பலகையை அவ்வப்போது யாராவது தட்டிக்கொண்டிருப்பார்கள், அன்று முழுவதும் எல்லோரும் அந்தப் பெயரிலேயே வேலை செய்வார்கள். ஐஎஸ்ஓ 15189 என்ற சர்வதேசத் தர அங்கீகாரம் பெற விரும்பும் மருத்துவ ஆய்வுகூடத்துக்கு, எந்த வேலையை யார் எப்போது செய்தார் என்ற பதிவு உயிர்நாடி. அந்தப் பதிவு முழுவதும் பொய்யாகிவிடுகிறது. இதில் ஊழியர்களைக் குறைசொல்வதை நான் ஏற்கமாட்டேன். அடையாள அட்டையை ஸ்கான் செய்தால் ஒரு நொடியில் திறக்கும் வகையிலும், விட்ட இடத்திலேயே படிவம் காத்திருக்கும் வகையிலும் செய்திருந்தால் யாரும் இந்தக் குறுக்குவழியைத் தேடியிருக்க மாட்டார்கள்.

விட்ட இடத்தில் காத்திருப்பது இந்நாட்டில் எத்தனை அவசியம் என்பதை 2022 எங்களுக்குக் கற்றுத்தந்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. ஜெனரேட்டர் இருந்த இடங்களிலும், மின்சாரம் போவதற்கும் அது இயங்கத் தொடங்குவதற்கும் இடைப்பட்ட சில நொடிகளில் சேமிக்கப்படாதவை அழிந்தன. அன்றிலிருந்து என் திரைகளில் "சேமி" என்ற பொத்தானை நம்பி எதையும் விடுவதில்லை. ஒரு கட்டத்தை நிரப்பி அடுத்ததற்குப் போனால் முந்தையது சேமிக்கப்பட்டிருக்க வேண்டும்.

வெளிநாட்டில் செய்து இங்கே விற்கப்படும் மென்பொருள்களில் நம் பெயர்கள் படும் பாடு தனிக்கதை. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் கட்டாயம் கேட்கும். தகப்பன் பெயரை முன்னே எழுதும் தமிழரிடம் எது முதற்பெயர்? பதிவு மேசையில் ஒருவர் ஒரு விதமாகவும், மாலையில் வரும் மற்றவர் இன்னொரு விதமாகவும் எழுதுகிறார்கள். தர்மலிங்கம் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் டி என்று தொடங்குவார், மற்றவர் டிக்குப் பின் ஓர் எச் சேர்ப்பார். தேடினால் அகப்படாது. தேசிய அடையாள அட்டையைக் கொண்டு தேடலாம் என்றால், பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும், 2016 முதல் வந்த அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள். இரண்டும் ஒரே ஆளுக்குரியவை என்று மென்பொருளுக்குத் தெரியாவிட்டால் அவர் இரண்டு பேராகிவிடுகிறார். டெங்குக் காலத்தில் இது வெறும் எழுத்துப் பிழையாக நிற்பதில்லை. குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை நேற்றைவிட இன்று எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைத்தான் மருத்துவர் பார்க்க விரும்புகிறார். நேற்றைய எண் வேறொரு "ஆளிடம்" கிடக்கிறது.

எச்சரிக்கைகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்தால் 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு விபத்துகள் நடந்தன. அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சால் உயிர்கள் போயின. மூலகாரணம் மென்பொருளின் உள்ளே இருந்த பிழைகள். ஆனால் அவற்றுள் இரண்டு விபத்துகளின்போது திரையில் வந்தது "மல்ஃபங்ஷன் 54", அதாவது "கோளாறு 54", என்ற சொல்லும் எண்ணும் மட்டுமே. இயந்திரத்தை இயக்கியவர்களுக்கு அப்படியான செய்திகள் அன்றாடம் பழகிப்போனவை. ஒரே விசையைத் தட்டினால் சிகிச்சை தொடரும். தட்டினார்கள். இதைப் படித்த நாளிலிருந்து "உறுதியாகவா?" என்று கேட்கும் பெட்டியை வரைய எனக்குக் கை வருவதில்லை. நாளுக்கு இருநூறு முறை கேட்டால் இருநூறு முறையும் விரல்தான் பதில் சொல்லும், கண் வாசிக்காது. குருதியில் பொட்டாசியம் 7.2 என்று ஆபத்தான அளவில் வந்தால் பெட்டி எதுவும் வேண்டாம். நேற்றைய 4.1ஐப் பக்கத்தில் காட்டுங்கள், மாதிரியில் செங்குருதிக் கலங்கள் உடைந்திருந்தால் அதையும் அங்கேயே காட்டுங்கள். கலங்கள் உடைந்த மாதிரியில் பொட்டாசியம் பொய்யாக உயரும் என்பது ஆய்வுகூட ஊழியருக்குத் தெரியும். இரண்டு எண்களையும் ஒருங்கே பார்த்தால் மீண்டும் குருதி எடுக்கச் சொல்வார்.

ஆராய்ச்சியாளர்கள் பக்கமும் இதே கதைதான். எக்செல் சில மரபணுப் பெயர்களைத் திகதிகளாக மாற்றிவிடும் தொல்லை 2004இலேயே ஆய்விதழில் வெளிவந்தது. மார்ச்1 என்ற மரபணுப் பெயரைத் தட்டினால் மார்ச் முதலாம் திகதியாகிவிடும். 2016இல், மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்புகளாக இணைத்த ஆய்வுக்கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இப்படியான பிழை இருப்பது தெரியவந்தது. கடைசியில் 2020இல் பெயரிடும் குழு மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. மார்ச்1 இன்று மார்ச்எஃப்1. தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதி எக்செலில் 2023இல்தான் வந்தது. மென்பொருளுக்காக அறிவியல் தன் சொற்களை மாற்றிக்கொண்டது. பிசிஆர் பிளேட்டோடு நாற்பது நிமிடம் போராடிய அந்தத் தங்கை நினைத்ததும் இதைத்தானே: மென்பொருள் அப்படித்தான் இருக்கும், நாம்தான் வளைய வேண்டும்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதல் கோட்டை வரைவதற்கு முன் ஒரு நாள் முழுவதும் ஆய்வுகூடத்தில் ஓர் ஓரமாக நில்லுங்கள். "என்ன வசதி வேண்டும்?" என்று கேட்காதீர்கள். "கடைசியாக இதை எப்படிச் செய்தீர்கள், செய்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். இரவு வேலைக்காரரையும் பாருங்கள். பகலில் ஆறு பேர் பகிரும் வேலையை இரவு இரண்டு மணிக்கு ஒருவர் தனியே செய்கிறார். மென்பொருள் பற்றிய கூட்டத்துக்கு அவரை யாரும் அழைப்பதில்லை, அந்த நேரம் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். இன்னொன்று, மொழி. கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கிறது. மட்டக்களப்பிலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் தங்கை ஒருவர் ஒன்றரை மணிநேரம் வாய் திறக்கவில்லை. வெளியே படிக்கட்டில் தமிழில் பேச்சுக் கொடுத்தேன். எங்கள் வரைபடத்தில் இருந்த நான்கு தவறுகளை ஐந்து நிமிடங்களில் சொல்லி முடித்தார். சிங்களம் பேசுபவர்களிடமும் இதே அனுபவம் எனக்கு உண்டு. அவர்களிடம் பேசச் சிங்களம் தெரிந்த சக ஊழியரை அழைத்துப் போகிறேன்.

ஆய்வுகூடப் பொறுப்பாளர்களே, புதிய மென்பொருள் வாங்கும்போது விற்பனையாளர் தன் மடிக்கணினியில் காட்டும் காட்சியோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் குழாய்கள் இருபதை வையுங்கள். உங்கள் ஸ்கானரை இணையுங்கள். கையுறை போட்ட உங்கள் ஊழியர் ஒருவரைப் பதியச் சொல்லுங்கள். பத்தாவது குழாயில் அவரைத் தொலைபேசிக்கு அழையுங்கள், பதினைந்தாவதில் மின்சாரத்தைத் துண்டியுங்கள். பிறகு பேசுங்கள் விலையை.

இன்னொரு வேண்டுகோளும் இருக்கிறது. அங்கீகாரத் தணிக்கை வருகிறது என்றால் திரையோரத் துண்டுகளை முதல் நாளே கிழித்துச் சுத்தம் செய்துவிடுவார்கள். கட்டுப்பாட்டுக்கு உட்படாத ஆவணம் சுவரில் இருக்கக் கூடாது என்பதால் அதற்கு நியாயமும் உண்டு. கிழிப்பதற்கு முன் தொலைபேசியால் ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். நோயாளியின் பெயரோ கடவுச்சொல்லோ தெரியாமல் பார்த்துக்கொண்டு, அந்த மென்பொருளைச் செய்தவர்களுக்கு அனுப்பிவையுங்கள்.