வைக்கோல் கட்டின் மேல் பச்சைச் சாணியைப் பூசாதீர்கள்

பெரம்பூரில் ஒரு மொட்டை மாடி. மண்ணுக்குப் பதில் வைக்கோல் கட்டுகளிலேயே செடி வளர்க்க, அவற்றின் மேல் தடிமனாகப் பச்சைச் சாணி பூசியிருந்தார்கள். வெயிலில் அது வறட்டியாகக் காய்ந்துவிட்டது. ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்து தரையெல்லாம் பழுப்பு. வறட்டியைப் பெயர்த்தால் கீழே ஈப்புழு நெளிகிறது. தக்காளி நாற்று வெளுத்து நிற்கிறது. கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார்.

மாடித்தோட்ட ஆலோசனை சொல்ல வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று எங்கே போனாலும் இதே நிலைமைதான். பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் அறுவடை முடிந்தால் மெஷினில் கட்டிய வைக்கோல் கிடைக்கிறது. சாணிக்குப் பக்கத்துத் தெரு மாட்டுக்கொட்டகை. இரண்டையும் சேர்த்தால் தோட்டம் ஆகிவிடாது.

நாற்று ஏன் வெளுத்தது? தழைச்சத்து (நைட்ரஜன்) இல்லை. வைக்கோலை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் இருந்த கொஞ்சத்தையும் எடுத்துக்கொண்டன. பச்சைச் சாணியில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். 100 கிராம் யூரியாவில் உள்ள தழைச்சத்து சாணியிலிருந்து வர வேண்டுமென்றால் சுமார் 10 கிலோ சாணி போட வேண்டியிருக்கும். "பச்சைச் சாணிதான் சார் வீரியம்" என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இதைச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். கிருமி என்று சொன்னால்தான் கோபம் வருகிறது. "எங்க ஆயா தினம் வாசல்ல சாணி தெளிச்சாங்களே, அவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று அந்தப் பெரம்பூர் வீட்டம்மா கேட்டார். வாசல் தெளித்த இடத்தில் யாரும் சோறு போட்டுச் சாப்பிடவில்லை, அம்மா. தண்ணீரில் கரைத்துத் தெளிக்கிறோம், சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. வைக்கோல் கட்டு அப்படியா? தினமும் நனைகிறது, நிழலும் ஈரமும் மாறாமல் இருக்கிறது, அதிலேயே கொத்தமல்லி வளர்க்கிறீர்கள். வயிற்றுப்போக்கைக் கொடுக்கும் கிருமிகளான ஈ கோலியின் மோசமான வகைகளும் சால்மோனெல்லாவும் நோயில்லாத மாட்டின் குடலிலும் இருக்கலாம். மாடு தெம்பாகத்தான் நிற்கும். சாணியைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. குப்பைத்தொட்டியில் மேய்கிற மாடு என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். மாட்டின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கீரையைக் கடைந்து சாப்பிடுகிறோம், பரவாயில்லை. கொத்தமல்லி, புதினா, வெள்ளரி, தக்காளியைப் பச்சையாகத்தானே சாப்பிடுகிறோம்?

அடுத்து, "கட்டு உள்ளே கொதிக்குதே, கிருமி செத்துடும்" என்பார்கள். நடுவில் சூடு ஏறுவது உண்மைதான். ஆனால் கிருமி சாக, எருக்குவியலில் சூடு 55 டிகிரிக்கு மேல் சில நாள் நிற்க வேண்டும். குவியலைப் புரட்டி, வெளியே இருப்பதை உள்ளே தள்ள வேண்டும். வைக்கோல் கட்டை யார் புரட்டுகிறார்கள்? நீங்கள் சாணி பூசிய மேல்பக்கம்தான் சூடே ஏறாத பக்கம். அமெரிக்க இயற்கை வேளாண் விதிப்படி, மட்காத சாணி போட்டால் மண்ணில் படும் விளைச்சலுக்கு 120 நாளும் மற்றவற்றுக்கு 90 நாளும் காத்திருந்துதான் அறுவடை செய்ய வேண்டும். நம் கொத்தமல்லி 40 நாளில் தட்டுக்கு வந்துவிடுகிறது.

சரி, என்ன செய்யலாம்? கட்டை நன்றாக நனைத்து, கடலைப் புண்ணாக்குத் தூளைத் தூவுங்கள்; அதில் சுமார் 7 சதவீதம் தழைச்சத்து. இரண்டு வாரம் ஈரம் காயாமல் பாருங்கள். உள்ளே கையை விட்டால் சூடு தணிந்திருக்க வேண்டும், அதற்கு முன் நடாதீர்கள். எரு போடுவதென்றால் நாற்று நடுகிற குழியில் மட்டும். அதுவும் மாதக்கணக்கில் மட்கியது: கையில் உதிர வேண்டும், சாணி வாடை வரக்கூடாது. எருவில் வெள்ளையாக, தடித்த புழு சுருண்டு கிடந்தால் பொறுக்கி அழித்துவிடுங்கள், காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். வண்டானதும் பக்கத்து வீட்டுத் தென்னைக்குப் போகும். கோழி எச்சத்தைப் புதிதாகப் போட்டால் அமோனியா நெடியில் வேர் கருகும். நாய், பூனை கழிவு எந்த நிலையிலும் கூடாது.

கட்டு நனைந்தால் எடை இரண்டு மூன்று மடங்கு ஏறும். பழைய மாடிகளில் நடுவில் வைக்காமல், சுவரை ஒட்டி, செங்கல் மேல் வையுங்கள்.

எருவைத் தொட்டால் கையுறை போடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்குத் தோட்ட வேலை வேண்டாம். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். வீட்டில் கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை எடுப்பவரோ இருந்தால், பச்சைச் சாணி பட்ட கட்டிலிருந்து பறித்த எதையும் அவர்களுக்குப் பச்சையாகக் கொடுக்காதீர்கள். தயவுசெய்து.