எல்லையடுக்கு: எது எல்லை?

வானிலைச் செய்திகளில் 'எல்லையடுக்கு உயரம் 1,500 மீட்டர்' என்று படித்தால், வானத்தில் ஏதோ ஓர் எல்லைக்கோடு ஓடுவதாகத்தான் தோன்றும். எனக்கும் வெகுநாள் அப்படித்தான் தோன்றியது. உண்மையில் இந்தச் சொல்லில் உள்ள எல்லை மேலே இல்லை. நாம் நிற்கும் தரைதான் அது.

1904-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் கூடிய கணித மாநாட்டில் ஜெர்மன் இயற்பியலாளர் லுத்விக் பிராண்டில் ஒரு கட்டுரை படித்தார். நீரோ காற்றோ ஒரு சுவரை உரசி ஓடும்போது, சுவரைத் தொடும் பகுதி அதோடு ஒட்டி நின்றுவிடுகிறது. தள்ளிப் போகப் போக வேகம் கூடுகிறது. இப்படிச் சுவருக்குக் கட்டுப்பட்ட மெல்லிய பகுதியை அவர் 'கிரென்ஸ்ஷிக்ட்' என்றார். கிரென்ஸ என்றால் எல்லை, ஷிக்ட் என்றால் அடுக்கு. அது ஆங்கிலத்தில் 'பவுண்டரி லேயர்' ஆனது. தமிழில் 'எல்லையடுக்கு' ஆனது. பெயர் வந்து சேர்ந்தது, சுவர் மட்டும் வழியில் விடுபட்டுப்போனது.

செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். சுண்ணாம்புச் சாந்தைப் பூச்சு மேல் பூச்சாகப் பூசி, முட்டை வெண்கரு சேர்த்து வழவழவென்று தேய்த்திருப்பார்கள். கோடை மதியத்திலும் கை வைத்தால் குளுகுளுவென்று இருக்கும். அந்தப் பூச்சுக்குச் சுவர்தான் ஆதாரம். காற்றுக்குத் தரை அப்படி. தரையின் சூடும் ஈரமும் உரசலும் எதுவரை எட்டுகின்றனவோ, அதுவரைதான் இந்த அடுக்கு.

ஆகவே 'தரையொட்டு அடுக்கு' என்பதே பொருத்தமான தமிழ் என்பேன். 'கண்மாயை ஒட்டின வயல்' என்று தினமும் பேசுகிறோமே, அதே ஒட்டுதான்.

சரி, இதன் உயரத்தை ரேடார் எப்படிச் சொல்கிறது? ரேடார் என்பதே 1940-ல் அமெரிக்கக் கடற்படையில் பிறந்த சுருக்கப்பெயர்: வானொலி அலையால் கண்டறிந்து தூரம் அளப்பது. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம், எல்லாருக்கும் புரிகிறது. மேல்நோக்கி அலைத் துடிப்பை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். 10 மைக்ரோ நொடியில் அலை 3 கிலோமீட்டர் போகும். போய் வந்த தூரம் அது என்பதால் பாதி, அதாவது 1,500 மீட்டர்தான் உயரம்.

மேகமே இல்லாத வெறுங்காற்றில் எதிரொலி எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். தரையொட்டு அடுக்கில் ஈரம் அதிகம். அதற்கு மேலே காற்று வறண்டது. இரண்டும் கலந்து புரளும் இடத்தில் அலை வளையும் அளவு அடிக்கு அடி மாறுகிறது. அங்கிருந்துதான் வலுவான எதிரொலி வரும். திருப்பதி அருகே காதங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தில் இதற்கான ரேடார் உண்டு. அங்கேயே உள்ள 53 மெகாஹெர்ட்ஸ் பெரிய ரேடார், மேகமும் மழையும் உருவாகும் வளிமண்டலக் கீழடுக்கு (ட்ரோபோஸ்பியர்) முழுவதன் உச்சியையும், சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில், காட்டும்.

எதிரொலி பலமாக வரும் இடமெல்லாம் அடுக்கின் உச்சி ஆகிவிடாது. மழைத்துளியும் பறவைக் கூட்டமும்கூட அலையைத் திருப்பி அனுப்பும். அந்தி சாய்ந்ததும் இன்னொரு சிக்கல். பகலில் வளர்ந்த அடுக்கின் மிச்சம் மேலேயே தங்கிவிட, அதன் அடியில் புதிதாக ஒரு மெல்லிய அடுக்கு உருவாகிறது. சில நூறு மீட்டருக்குள் அடங்கும் அது, பல ரேடார்களின் பார்வைக்கே எட்டாத தாழ்வு.

ஆனால் நம் கண்ணுக்கு எட்டும். மார்கழி விடியலில் பின்கட்டு விறகடுப்புப் புகை ஓட்டுக்கூரைக்கு மேல் கொஞ்சம் எழும்பி, அப்புறம் தட்டையாகக் கண்மாய்ப் பக்கம் படரும். வெயில் ஏறிச் செம்மண் பொட்டல் சூடானதும் அந்த மெல்லிய அடுக்கு கலைந்து, புகை நேரே மேலே போகும். நடுப்பகலில் அதே காற்றில் பருந்துகள் இறக்கை அடிக்காமல் வட்டமிட்டு ஏறும்.