முதல் 2 மில்லி

"ரத்தம் நார்மல் ஆயிடுச்சுன்னு சொல்லிட்டாங்களே மேடம், அப்புறம் எதுக்கு மறுபடியும் பிள்ளைக்கு இடுப்பெலும்புல ஊசி?" லேப் வாசலில் ஒரு அம்மா கேட்டார். ஆறு வயதுப் பையன். ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய். கீமோ தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது.

நியாயமான கேள்விதான். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது மஜ்ஜையில் புற்றணுக்கள் 5 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் 'ரெமிஷன்' என்று எழுதிவிடுவோம். ஆனால் நோய் தெரியவரும்போது உடம்பில் ஏறக்குறைய லட்சம் கோடி புற்றணுக்கள் இருக்கும். அதில் 99 சதவீதம் செத்தாலும் மிச்சம் ஆயிரம் கோடி! அந்த மிச்சத்தைத் தேடுவதுதான் எம்.ஆர்.டி. பரிசோதனை. அணுக்களின் மேல் ஒளிரும் ஆன்டிபாடிகளை ஒட்டி, லேசர் முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிடுவோம். பத்தாயிரத்தில் ஒன்று ஒளிந்திருந்தாலும் பிடிபடும். 0.01 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பாசிட்டிவ். பெரும்பாலும் சிகிச்சையைக் கூட்டுவார்கள்.

மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஊசியில் முதலில் இழுக்கும் 2 மில்லி எங்களுக்கு வர வேண்டும். மஜ்ஜை அதில்தான் கெட்டியாக இருக்கும். இழுக்க இழுக்க ரத்தம் கலந்துவிடும். ஒருமுறை வந்த சேம்பிளில் மஜ்ஜைக்கே உரிய இளம் அணுக்கள் அனேகமாக இல்லை. விசாரித்தால், முதல் இழுப்பு ஸ்லைடுக்கும் இரண்டாவது வேறு டெஸ்ட்டுக்கும் போய், எங்களுக்கு வந்தது மூன்றாவது. புற்றணு எதுவும் தென்படவில்லை. 'ரத்தம் கலந்த சேம்பிள், இதை நெகட்டிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்' என்று எழுதினேன். போனில் கொஞ்சம் திட்டும் வாங்கினேன். திரும்ப எடுத்ததில் 0.08 சதவீதம்.

ஊசி போடும்போது, "முதல் இழுப்பு எம்.ஆர்.டி.க்குத்தானே?" என்று பெற்றோர் தாராளமாகக் கேட்கலாம். யாரும் கோபித்தால் கோபிக்கட்டும்.

இன்னொரு தொல்லை, கீமோவுக்குப் பிறகு புதிதாக முளைக்கும் நல்ல பி-அணுக்கள் (ஒரு வகை வெள்ளையணு). பார்க்கப் புற்றணு மாதிரியே இருக்கும். பிரித்தறிய, சிகிச்சைக்கு முன் எடுத்த ரிப்போர்ட் பெரிய உதவி. இடையில், அணுவின் மேல் இருக்கும் சிடி19 என்ற புரதத்தைக் குறிவைக்கும் பிளினாடுமோமாப் போன்ற மருந்து கொடுத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். நாங்கள் அடையாளமாக வைத்துத் தேடும் சிடி19-ஐயே புற்றணு உதிர்த்திருக்கக்கூடும்.

"பழைய ரிப்போர்ட் இருக்காம்மா?" என்றேன். ஸ்கேன் கவருக்குள் கைவிட்டுத் துழாவி எடுத்து நீட்டினார். வேறு ஊர் ஆஸ்பத்திரியில் எடுத்தது. ஓரத்தில் குழம்புக் கறை. சிடி10, சிடி19, சிடி58 எல்லாம் தெளிவாகவே இருந்தன.