ஏ.எம்.எச். குறைந்தால் குழந்தை பிறக்காதா?

கருமுட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் "ஏ.எம்.எச். 0.8தான் இருக்கு" என்று டாக்டர் சொன்னதுமே பலருக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. வீட்டுக்கு வரும் வழியிலேயே கூகுளில் தேடி, இனி குழந்தையே இல்லை என்று தங்களுக்குத் தாங்களே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார்கள். அந்த எண் அப்படி எதையும் சொல்லவில்லை.

சினைப்பையில் ஒவ்வொரு கருமுட்டையும் ஃபாலிக்கிள் எனும் குட்டிப் பைக்குள் இருக்கிறது. சில மில்லிமீட்டரே வளர்ந்த ஃபாலிக்கிள்களின் செல்கள் சுரக்கும் ஹார்மோன்தான் ஏ.எம்.எச். வேடிக்கை என்னவென்றால், இதன் சுவடு முதலில் தெரிந்தது ஆண் கருவில். 1940களில் பிரான்சின் ஆல்ஃபிரெட் ஜோஸ்ட் முயல் கருக்களை ஆராய்ந்தபோது, ஆண் கருவில் கருப்பை உருவாகாமல் தடுக்கும் ஏதோ ஒன்று விந்தகத்திலிருந்து வருகிறது என்று கண்டார். அந்த ஏதோ ஒன்றைத்தான் இன்று பெண்ணின் ரத்தத்தில் அளக்கிறோம்.

குதிரில் எத்தனை மரக்கால் விதைநெல் மிச்சம் என்று இந்த எண் சொல்லும்; விதை முளைக்குமா என்று சொல்லாது. முளைப்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வயது. வயது ஏற ஏற, குரோமோசோம் எண்ணிக்கை பிசகிய முட்டைகள் கூடுகின்றன. 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 30 முதல் 44 வயதுக்குள் இருந்த, குழந்தையின்மைப் பிரச்சினை ஏதும் இல்லாத சுமார் 750 பெண்களைப் பின்தொடர்ந்தார்கள். இயல்பாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு, ஏ.எம்.எச். குறைந்தவர்களுக்குக் குறைவாக இல்லை.

அப்படியானால் ஐ.வி.எஃப். எனும் சோதனைக்குழாய் முறைச் சிகிச்சை செய்யும் டாக்டர் ஏன் அதைக் கேட்கிறார்? முட்டைகளை வளர்க்கும் ஊசியின் அளவை முடிவு செய்ய. எண் குறைவென்றால் நாலைந்து முட்டை கிடைத்தாலே பெரிது. சினைப்பையில் சிறு ஃபாலிக்கிள்கள் நிறையச் சேரும் பி.சி.ஓ.எஸ். பிரச்சினை உள்ளவர்களைப் போல எண் எகிறி இருந்தால் வேறு கவலை: மருந்து கொஞ்சம் கூடினாலும் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளலாம்.

ஊசி தொடங்கிய பிறகு கவனம், வளரும் ஃபாலிக்கிள்கள் சுரக்கும் எஸ்ட்ரடயோல் ஹார்மோன் பக்கம் போகிறது. முதிர்ந்த ஃபாலிக்கிள் ஒவ்வொன்றும் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 200 முதல் 300 பிகோகிராம் வரை சேர்க்கும். ஸ்கேனில் பத்து ஃபாலிக்கிள் தெரிந்தும் ரத்தத்தில் அதற்கேற்ற அளவு இல்லையென்றால் உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். கருவை ஏற்கக் கருப்பையைத் தயார்ப்படுத்தும் புரொஜெஸ்ட்ரோன் ஹார்மோன் முன்கூட்டியே ஏறிவிட்டால், கருப்பையின் உட்சவ்வு அவசரப்பட்டு முதிர்ந்துவிடும். அப்போது கருக்களை உறையவைத்து, அடுத்த மாதங்களில் கருப்பையில் வைப்பார்கள்.

ஃபாலிக்கிள்கள் 18 மில்லிமீட்டரை நெருங்கியதும், முட்டைகளைக் கடைசியாக முதிரவைக்கும் ட்ரிக்கர் ஊசி. இரவு 9.30க்கு என்று எழுதிக் கொடுத்தால் 9.30தான். ஏறத்தாழ 36 மணி நேரம் கழித்து, மறுநாள் விட்டு அதற்கடுத்த நாள் காலையில் முட்டை எடுக்க வேண்டும். பிந்தினால் ஃபாலிக்கிள்கள் வெடித்து முட்டைகள் வெளியேறிவிடும். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் 1978இல் பிறந்ததற்குப் பின்னாலும் இதே கடிகாரம்தான் ஓடியது. அவருடைய தாய்க்கு முட்டை வளர்க்கும் ஊசி எதுவும் போடவில்லை. முட்டையை வெளியேறத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் சிறுநீரில் ஏறும் நேரத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பிடித்து, இருந்த ஒற்றை முட்டையை எடுத்தார்கள்.

எடுத்த முட்டையை விந்துடன் சேர்த்துக் கருவாக்கி, கருப்பையில் வைத்தாகிவிட்டால், அப்புறம் காத்திருப்பு. கருவை வைத்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. எனும் கர்ப்ப ஹார்மோனைப் பார்ப்பார்கள். கருவின் வெளிப்புறச் செல்கள், அதாவது பின்னால் நஞ்சுக்கொடியாகப் போகிறவை, சுரப்பது இது. பொறுமை இல்லாமல் முன்பே வீட்டில் சோதித்தால் இரட்டைக் கோடு ஏமாற்றலாம். ட்ரிக்கர் ஊசியில் இருப்பதும் பல சமயம் அதே எச்.சி.ஜி.தான், உடலைவிட்டுப் போக பத்து நாள் வரை ஆகும். முதல் பீட்டா 120 என்றால் நல்லதா கெட்டதா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 48 மணி நேரத்தில் 240 பக்கம் போனால் டாக்டரின் முகம் தெளியும். மெதுவாக ஏறினால், கரு, கருப்பைக்கு வராமல் கருக்குழாயில் தங்கிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். ஆறேழு வாரத்தில் ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிந்த பிறகு, பீட்டா எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.