பெர்சென்ட் பேக்: பிந்தல் சதவீதம்

நெடுந்தூரப் பனிச்சறுக்கு, பயத்லான் (பனிச்சறுக்கோடு துப்பாக்கிச் சூடும் சேர்ந்த போட்டி) முடிவுகளை எண்களாகப் பிரித்துப் பார்ப்பவர்கள் வாயில் அடிக்கடி வரும் சொல் ‘பெர்சென்ட் பேக்’. ஒருவர் இன்னொருவரைவிட எத்தனை செக்கன் பிந்தினார் என்பதை, அந்த இன்னொருவரின் நேரத்தில் நூற்றுக்கு எத்தனை என்று சொல்வது. பொருள் அவ்வளவுதான். ‘அந்த இன்னொருவர்’ யார் என்பதில்தான் சிக்கலே.

செக்கனோடு நிறுத்திக்கொள்ளாதது ஏன்? கொழும்பு சுகததாச அரங்கில் 400 மீற்றர் ஓடியவரின் இன்றைய நேரத்தையும் போன வருட நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பனித்தடத்தில் அது சரிவராது. வெப்பநிலை, ஈரப்பதம், புதுப்பனியா பழம்பனியா, ஸ்கீயின் அடியில் பூசிய மெழுகு எல்லாமே வேகத்தை மாற்றும். வீரரின் உடல்நிலை கொஞ்சமும் மாறாமலே, ஒரே தடத்தில் 10 கிலோமீற்றர் நேரம் நிமிடக் கணக்கில் கூடிக் குறையும். ஆகவே அன்று அதே பனியில் ஓடிய மற்றவர்கள்தான் அளவுகோல்.

‘பெர்சென்ட்’ இலத்தீனின் ‘பெர் சென்டும்’, அதாவது நூற்றுக்கு. இத்தாலிய வணிகர்கள் கணக்கேடுகளில் ‘பெர் சென்டோ’ என்பதைச் சுருக்கி எழுதி எழுதியே % என்ற குறி உருவானது. ‘பேக்’ முதுகைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல். அதிலிருந்து பின்புறம், பின்னால் என்று விரிந்தது. நம் பக்கத்துச் ‘சதம்’ வடமொழி வழி வந்தது. கொழும்பில் சதம் என்றால் சில்லறையும் நினைவுக்கு வரும், கிரிக்கெட் ஓட்டங்களும் வரும், எல்லாம் நூறுதான்.

தமிழில் எதைச் சொல்லலாம்? ‘பின்னடைவு’ என்று எழுதினால் வீரருக்கு ஏதோ சரிவு ஏற்பட்டதுபோல் ஆகிவிடும். இரண்டாவதாக வந்தவருக்கும் பெர்சென்ட் பேக் உண்டு, அவருக்கு என்ன பின்னடைவு? ‘பின்தங்கல்’ பின்தங்கிய பிரதேசங்களை ஞாபகப்படுத்துகிறது. பஸ் பிந்திவிட்டது, சம்பளம் பிந்துகிறது என்று நாம் அன்றாடம் சொல்லும் ‘பிந்தல்’ இங்கே கச்சிதம், ஏனென்றால் அது நேரத்தைத்தான் குறிக்கிறது. ‘பிந்தல் வீதம்’ என்று நிறுத்தக் கூடாது. நம் பாடநூல்களில் வீதம் என்பது மாற்ற வீதம் போன்றவற்றுக்கும் வரும். கிலோமீற்றருக்கு எத்தனை செக்கன் பிந்தினார் என்ற இன்னொரு கணக்கும் இந்த விளையாட்டில் இருப்பதால் குழப்பம் நிச்சயம். ஆகவே ‘பிந்தல் சதவீதம்’. (நெடுந்தூரப் பனிச்சறுக்கு என்பதும் தெரிந்தே எழுதியது. கிராஸ் கன்ட்ரி ஓட்டத்துக்கு இங்கே ‘நகர்வல ஓட்டம்’ நிலைத்துவிட்டது; காட்டுக்குள் ஸ்கீ போடுபவரை நகர்வலம் அனுப்ப மனம் வரவில்லை.)

கணக்கைக் கற்பனை எண்களில் பார்ப்போம். முதலாமவர் 24:00, நம் வீரர் 25:12. இரண்டையும் முதலில் செக்கனாக்குங்கள்: 1440, 1512. வித்தியாசம் 72, 72ஐ 1440ஆல் வகுத்தால் 5%. பலரும் சறுக்குவது இங்கேதான். 25:12ஐ 25.12 என்று தட்டினால் 4.67% வரும், விடை பார்வைக்கு நியாயமாக இருப்பதால் பிழை கண்ணில் படாது. முடிவுப் பட்டியல்களில் இரண்டாமவர் முதல் மொத்த நேரத்துக்குப் பதிலாக +1:12.0 என்ற இடைவெளி மட்டும் இருப்பதும் உண்டு. அப்போது அதை முதலாமவரின் நேரத்தோடு கூட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை.

சர்வதேச பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் புள்ளிகளுக்கும் அடிப்படை இதே எண்தான். பிந்தல் பின்னத்தை, தனித்தனியே இடைவெளி விட்டுப் புறப்படும் போட்டியில் 800ஆலும் எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் போட்டியில் 1400ஆலும் பெருக்குகிறார்கள். நம் வீரரின் 0.05, முதல் வகையில் 40 புள்ளி, அடுத்ததில் 70. கூட்டமாக ஓடும்போது முன்னால் போகிறவர் காற்றைத் தாங்க மற்றவர்கள் ஒட்டிக்கொண்டே வருவார்கள், இடைவெளிகள் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை ஈடுகட்டத்தான் பெரிய பெருக்கி.

இனி ‘இன்னொருவர்’. வழக்கமாக அவர் முதலாமவர். இதே போட்டியில் அவர் வராமல், 24:20 எடுத்த இரண்டாமவர் வென்றிருந்தால்? நம் வீரரின் 25:12 அப்படியே இருக்க, பிந்தல் 5%இலிருந்து 3.6%ஆகக் குறைகிறது. அவர் ஒன்றும் செய்யவில்லை. பருவம் முழுதும் இப்படி ஒருவரோடு ஒப்பிட்டு வரைந்தால், கோட்டின் ஏற்ற இறக்கத்தில் கணிசமான பங்கு வென்றவருடையது.

அதனால் இடையத்தோடு ஒப்பிடுவது உறுதியானது. இடையம் என்பது தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘இடைநிலை அளவு’ என்று சொல்வது: நேரங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது. 70 பேரில் ஒருவர் வராவிட்டால் அது அசைந்ததும் தெரியாது. இடையம் 25:30 என்றால் நம் வீரர் அதைவிட 18 செக்கன் முந்தியவர், 1.2%. ஆங்கிலத்தில் இதை ‘மைனஸ் பெர்சென்ட் பேக்’ என்று எழுதி, கழித்தல் நல்லதா கெட்டதா என்று ஒவ்வொரு வரைபடத்துக்கும் விளக்க வேண்டியிருக்கிறது. நமக்கு ‘முந்தல்’ கைவசம் இருக்கிறது: முந்தல் 1.2%, பிந்தல் 5%. ஆனால் இடையத்திலும் ஒரு பலவீனம் உண்டு. உலகக் கிண்ணப் போட்டியில் நடுவில் நிற்பவரும் சிறிய உள்ளூர்ப் போட்டியில் நடுவில் நிற்பவரும் ஒரே தரமல்ல. இரண்டையும் ஒரே கோட்டில் இணைக்காதீர்கள்.

பயத்லானில் மொத்த நேரத்துக்குப் பிந்தல் கணித்தால் பெரும்பாலும் துப்பாக்கியைத்தான் அளக்கிறோம். 1960 ஸ்குவா வெலி ஒலிம்பிக்கில் 20 கிலோமீற்றரை எல்லோரையும்விட வேகமாகச் சறுக்கியவர் பிரான்ஸின் விக்டர் ஆர்பெஸ். 20 குண்டில் 18 தவறியது. அன்றைய விதியில் தவறு ஒன்றுக்கு 2 நிமிடம், ஆக 36 நிமிடம். தங்கம், இருபதையும் அடித்த சுவீடனின் கிளாஸ் லெஸ்டான்டருக்கு. இன்று தண்டனை இவ்வளவு கடுமையில்லை. ஸ்பிரின்ட் போட்டியில் தவறுக்கு ஒரு 150 மீற்றர் சுற்று, ஏறத்தாழ 25 செக்கன். 25 நிமிடப் போட்டியில் மூன்று தவறு என்றால் 75 செக்கன், அதுவே 5%. எனவே மொத்த நேரத்தைச் சறுக்கு நேரம், சூட்டுத்தள நேரம், தண்டனைச் சுற்று நேரம் என்று பிரித்து, சறுக்கு நேரத்துக்கு மட்டும் பிந்தல் காணுங்கள். விரட்டுப் போட்டியில் முந்தைய ஸ்பிரின்ட்டின் இடைவெளியோடுதான் புறப்படுகிறார்கள். அந்த இடைவெளியைக் கழிக்காவிட்டால் முந்தைய போட்டியை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

சூட்டுக்குச் சதவீதப் பிந்தல் பொருந்தாது, அடித்த விகிதமே போதும். படுத்துச் சுடும்போது இலக்கு 45 மில்லிமீற்றர், நின்று சுடும்போது 115. இரண்டும் 50 மீற்றர் தூரத்தில். இவற்றை ஒன்றாகக் கலக்க வேண்டாம். எண்ணிக்கையும் முக்கியம். நூற்றுக்குத் தொண்ணூறு அடிக்கும் ஒருவர் பத்துக்குப் பத்து அடிக்கும் நிகழ்தகவு சுமார் 35%. பத்துக் குண்டில் கிடைத்த விகிதத்தின் நியம விலகல், அதாவது தற்செயலாகவே அது எவ்வளவு கூடிக் குறையும் என்பதன் அளவு, 9.5 சதவீதப் புள்ளி, நூறு குண்டுக்கு 3. ஒரு ஸ்பிரின்ட்டில் பத்துக்கு எட்டு அடித்தார் என்பதை வைத்து ‘சூடு கெட்டுவிட்டது’ என்று தலைப்பிடுவது வீண் அவசரம்.

அட்டவணைத் தலைப்பில் வெறுமனே ‘பிந்தல் %’ என்று விடாமல், ‘பிந்தல் % (முதலாமவரிலிருந்து, மொத்த நேரம்)’ அல்லது ‘பிந்தல் % (இடையத்திலிருந்து, சறுக்கு நேரம்)’ என்று முழுதாக எழுதுங்கள்.