ஐந்தாவது தாளில் நிறம் ஏன் விலகுகிறது?

ஸ்டென்சில் நகலெடுக்கும் இயந்திரத்தில் இரண்டு நிறச் சுவரொட்டிகளை அச்சிட்டு வரும் வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “முதல் தாளில் நீலமும் சிவப்பும் மயிரிழை பிசகாமல் பொருந்துகின்றன. ஐந்தாவது தாளில் சிவப்பு சற்று மேலேறி நிற்கிறது. பொத்தானை அழுத்தி அதைச் சரிசெய்தால் ஆறாவது தாளில் கீழே இறங்கிவிடுகிறது. நான் செய்யும் தவறு என்ன?” பொத்தானை அழுத்தியதுதான் தவறு. ஏன் என்று விளங்க, தாள் அந்த இயந்திரத்துக்குள் எப்படிப் பயணம் செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

இந்த இயந்திரத்தின் மூதாதையை சைக்ளோஸ்டைல் என்ற பெயரில் பலரும் அறிவார்கள். எடிசன் 1876இல் ஸ்டென்சில் அச்சுக்குக் காப்புரிமை பெற்றார். கெஸ்டெட்னர் 1881இல் அதை அலுவலகத்துக்கு ஏற்ற கருவியாக்கினார். இன்று பெரும்பாலும் புழங்குவது ஜப்பானிய நிறுவனமான ரிசோவின் ரிசோகிராஃப். மெல்லிய பாலியெஸ்டர் படலம் ஒட்டிய நார்த்தாளே அதில் மாஸ்டர். வெப்பத் தலை அந்தப் படலத்தை உருக்கி, அங்குலத்துக்கு 300 அல்லது 600 புள்ளிகள் என்ற நெருக்கத்தில் துளைகள் இடுகிறது. மாஸ்டர் ஓர் உருளையின் மேல் சுற்றிக்கொள்ள, உருளைக்குள் இருக்கும் மை துளைகளின் வழியே கசிந்து தாளில் பதிகிறது. ஓர் உருளைக்கு ஒரு நிறம் மட்டுமே. ஆகவே, ஒற்றை உருளை இயந்திரத்தில் இரண்டாவது நிறம் வேண்டுமானால், உருளையை மாற்றி, அச்சான தாள்களை மறுபடி அடுக்கி, மீண்டும் ஓட்ட வேண்டும். இரண்டு ஓட்டங்களிலும் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காருவதைத்தான் அச்சகத்தார் ரிஜிஸ்டர் என்கிறார்கள்.

ஆஃப்செட் இயந்திரத்தில் கிரிப்பர் என்னும் உலோக விரல்கள் தாளின் விளிம்பைக் கவ்வி, அச்சு முடியும்வரை விடாமல் கொண்டுசெல்கின்றன. ஸ்டென்சில் இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த விரல்கள் இல்லை. ரப்பர் உருளைகளின் உராய்வை நம்பித்தான் தாள் நகர்கிறது. உராய்வோ தாளின் வழவழப்பு, ஈரம், ரப்பரின் வயது, முந்தைய நிறத்தின் காயாத மை என எதைக் கண்டாலும் மாறிவிடும் குணமுடையது. இத்தகைய நம்பகமற்ற தொடக்கத்தை வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு நூறு தாள்களுக்கு மேல் தள்ளும் ஓர் இயந்திரம் அரை மில்லிமீட்டர் அளவிலாவது ஒழுங்கைக் காப்பது எப்படி? நான் வியந்து வியந்து பார்க்கும் இடம் அதுதான்.

தட்டிலிருந்து முதல் ரப்பர் உருளை தாளை இழுத்துத் தள்ளும்போது, தாளின் முன்விளிம்பு நேராக அச்சு உருளையிடம் போவதில்லை. வழியில் இரண்டு உருளைகள் ஒன்றையொன்று அழுத்தியபடி, சுழலாமல் நிற்கின்றன. அவற்றின் இடுக்கில் முன்விளிம்பு முட்டி நிற்கிறது. ஆனால் பின்னாலிருக்கும் முதல் உருளை நிற்பதில்லை. அது வேண்டுமென்றே இன்னும் சில மில்லிமீட்டர் தள்ளுகிறது. முன்னே போக வழியில்லாத தாள் நடுவில் வில்லைப்போல வளைந்து மேலெழுகிறது. தாள் கோணலாக வந்திருந்தால் ஒரு மூலை முதலில் முட்டும். அந்தப் பக்கம் நின்றுபோய் அங்கே வளைவு பெரிதாகும். மற்றப் பக்கம் தொடர்ந்து நகர்ந்து தானும் முட்டும்வரை வரும். இப்போது விளிம்பு முழுவதும் இடுக்கின் நேர்கோட்டில் ஒட்டி நிற்கிறது; வந்த கோணல் எல்லாம் வளைவின் ஏற்றத்தாழ்வாக மாறி ஒதுங்கிவிட்டது.

இன்னொரு பிழையும் அதே வளைவில் கரைகிறது. முதல் உருளை ஒரு தாளில் கொஞ்சம் வழுக்கினால், அந்தத் தாள் தாமதமாக வந்து சேரும். வளைவு சற்றுச் சிறிதாக இருக்கும். ஆனால் முன்விளிம்பு நிற்கும் இடம் மாறாது. அச்சு உருளை குறிப்பிட்ட கோணத்துக்கு வந்ததும், காத்திருந்த இரண்டு உருளைகளும் சுழலத் தொடங்கித் தாளை உள்ளே விடுகின்றன. எப்போது வந்தோம் என்ற கேள்வியை எங்கே நிற்கிறோம் என்பதாக மாற்றிவிடும் இந்த உத்திக்கு, உணரியோ கணினியோ தேவையில்லை. காகிதத்தின் விறைப்பு ஒன்றே போதும்.

அந்த விறைப்புதான் எல்லையையும் வகுக்கிறது. ஒரே வகைக் காகிதத்தின் தடிமன் இரண்டு மடங்கானால், அதை வளைக்கத் தேவைப்படும் விசை ஏறத்தாழ எட்டு மடங்காகிறது, ஏனெனில் விறைப்பு தடிமனின் மூன்றாம் படியைப் பொறுத்தது. தடித்த அட்டை வளைய மறுப்பதால், வளைவு உருவாவதற்குள் முதல் உருளை வழுக்கிவிடும். மிக மெல்லிய தாளோ விளிம்பை இடுக்குக்குள் அழுத்தும் வலுவில்லாமல் கசங்கும். வளைவு வேலை செய்யாதபோது நேரும் இழப்பு சிறிதன்று: ஏ3 தாள் 0.1 பாகை கோணலாகப் போனால், 420 மில்லிமீட்டர் நீளத்தின் மறுமுனையில் நிறம் 0.7 மில்லிமீட்டருக்கு மேல் விலகி நிற்கும். பக்கவாட்டு விலகலுக்கு இந்த வளைவு உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே தட்டின் பக்கத் தடுப்புகள், தாளை நெருக்காமல் தொட்டுக்கொண்டிருப்பதே காவல்.

வாசகரின் பொத்தானுக்கு வருவோம். மேல்கீழ்ப் பொத்தான், தாள் வரும் நேரத்துக்கும் அச்சு உருளையின் கோணத்துக்கும் இடையிலான உறவை மாற்றுகிறது. எல்லாத் தாள்களிலும் ஒரே அளவில் இருக்கும் விலகலை அது நீக்கும். ஒவ்வொரு தாளிலும் வெவ்வேறாக நிகழும் தடுமாற்றத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. கெடுக்க மட்டும் முடியும். தற்செயலாக ஒரு தாள் 0.4 மில்லிமீட்டர் மேலேறியதைக் கண்டு 0.4 கீழே இறக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தானாகவே 0.3 கீழே இறங்கியிருக்கவேண்டிய அடுத்த தாள் இப்போது 0.7 இறங்குகிறது. எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர், புனலின் வழியே கோலிக்குண்டுகளைக் குறியை நோக்கிப் போட்டு இதை விளக்குவார்: குண்டு விலகிய அளவுக்குப் புனலை ஒவ்வொரு முறையும் எதிர்ப்பக்கம் நகர்த்தினால், சிதறல் குறைவதற்குப் பதிலாக ஏறத்தாழ 41 சதவீதம் கூடுகிறது. அச்சகங்களில் கைராசி என்று பேசப்படுவதன் ஒரு பகுதி இதுவாகத்தான் இருக்க வேண்டும். மோசமான தாளுக்கு அடுத்தது பெரும்பாலும் ஓரளவு நன்றாகவே அமையும். அந்தப் பெருமை கடைசியாகப் பொத்தானைத் தொட்ட விரலுக்குப் போய்விடுகிறது.

ஆகையால், புதிய மாஸ்டர் உருளையில் படிவதற்காகச் சில தாள்களை வீணாக்கிய பிறகு, பத்துத் தாள்களை ஓட்டி ஒவ்வொன்றின் விலகலையும் அளந்து, சராசரியை மட்டும் ஒரே முறை திருத்த வேண்டும். பத்தின் சராசரியில் தடுமாற்றம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அளப்பதற்கு நுண்ணோக்கி வேண்டியதில்லை. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகத் தொட்டுவிட்டு நாம் மறந்துபோன வெர்னியர் அளவுகோல் போதும். அதை ஒரு பித்தளைக் கருவியாக மட்டுமே காட்டி, எங்கும் பயன்படும் ஒரு கருத்தாகச் சொல்லித்தராதது பாடத்திட்டங்களின் குறை என்பது என் எண்ணம். முதல் நிறத்தின் ஓரத்தில் 12 புள்ளிகளுக்கு ஒன்றாகவும், இரண்டாவது நிறத்தில் 11 புள்ளிகளுக்கு ஒன்றாகவும் மெல்லிய கோடுகளை வரைந்து, இரண்டின் நடுக்கோட்டையும் பூச்சியம் எனக் கொள்ளுங்கள். அச்சிட்ட பின், நடுவிலிருந்து எத்தனையாவது கோடுகள் ஒன்றோடொன்று நேராகப் பொருந்துகின்றனவோ, அத்தனை புள்ளிகள் விலகல். 300 புள்ளி இயந்திரத்தில் ஒரு புள்ளி 0.085 மில்லிமீட்டர், அந்த நுணுக்கத்தை வெறுங்கண்ணால் படித்துவிடலாம்.

எஞ்சும் தடுமாற்றத்தைக் காகிதத்திடமே போய்க் குறைக்க வேண்டும். முதல் நிறம் நன்றாகக் காய்ந்த பிறகே இரண்டாவதை ஓட்டுங்கள். இந்த மை தாளுக்குள் ஊறித்தான் அடங்குகிறது, அதுவரை ரப்பர் உருளையில் ஒட்டி அதன் பிடிப்பைக் கெடுக்கும். இரண்டு ஓட்டங்களிலும் அதே விளிம்பு முன்னே போகட்டும். தாள்கட்டைத் திருப்பி வைத்தால் காகிதம் வெட்டப்பட்டதில் உள்ள பிசகும் கணக்கில் சேர்ந்துவிடும். வேகத்தையும் மாற்றாதீர்கள். காற்றின் ஈரம் மாறினால் தாளே நீளும், சுருங்கும். நார்கள் நீளவாக்கைவிடக் குறுக்கே அதிகமாக உப்புவதால், இந்த மாற்றம் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே கூடுதலாக இருக்கும். அதை எந்தப் பொத்தானும் திருத்தாது. காய வைக்கும் தாள்களை இயந்திரம் இருக்கும் அறையிலேயே வைப்பதுதான் வழி.

இவ்வளவுக்குப் பிறகும் பத்துத் தாள்களின் விலகல்கள் சராசரிக்கு இருபுறமும் 0.4 மில்லிமீட்டர் வரை பரவியிருந்தால், வரைவைத்தான் மாற்ற வேண்டும். நீலமும் சிவப்பும் சந்திக்கும் விளிம்புகளில் ஒன்றை மற்றொன்றின் அடியில் அரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் நீட்டிவிடுங்கள். இந்த மைகள் ஒளி ஊடுருவுபவை என்பதால், சந்திப்பில் ஊதா நிறக் கோடு ஒன்று தோன்றும். அதன் அகலம் தாளுக்குத் தாள் மாறும், ஆனால் வெள்ளை இடைவெளி எட்டிப்பார்க்காது.